முதியோர்க்கு எழுத்தறிவித்தல்: பழைய மாணவர் கடன்

ஒரு கல்லூரி யூபிலி விழாக் கொண்டாடுங்கால், தன் வயதை எண்ணி மகிழ்வதோடு அமைதல் சாலாது; தான் பெற்றதைத் திரும்பக் கொடுத்ததா என்று கணக்குப் பார்த்தலும் வேண்டும். யூபிலி மலர்களைப் புரட்டுவோர் ஆங்கே கட்டடங்களின் படங்களைக் காண்பர். அதிபர்களின் வரலாறுகளைக் காண்பர். பரீட்சைப் பேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் காண்பர். இவையாவும் போற்றற்குரியனவே. ஆயினும், கல்லூரி மதிலுக்கு அப்பால் வாழ்ந்து, அம்மதிலில் எழுதியிருப்பது யாதென வாசிக்க இயலாமலே நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோரைப் பற்றி அம்மலர்களிற் பெரும்பாலும் ஒரு வரியேனும் இருப்பதில்லை. அன்னோரைப் பற்றியே இக்கட்டுரையில் யாம் சில கூறப் புகுகின்றோம்.

“இந்நாட்டிலே எழுத்தறியாதார் உளரோ?” என்று அன்பர் சிலர் வியந்து வினவலாம். இலங்கையின் எழுத்தறிவு வீதம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டதென்பது உலகறிந்த செய்தி. 1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியாற் பிறந்த இலவசக் கல்வியின் பயன் அது. அதனையெண்ணி நாம் பெருமிதங் கொள்வது முறையே. ஆனால் வீதம் உயர உயர, எஞ்சியுள்ளோர் கண்ணுக்குத் தெரியாதவராகி விடுகின்றனர். ஊரிற் பாதிப்பேர் எழுத்தறியாதவராயிருந்த காலத்தில், அறியாமை ஒருவனுக்கு நாணமாயிருந்ததில்லை; கடிதம் வந்தால் அடுத்த வீட்டாரிடம் நீட்டி, “இதை ஒருக்கால் வாசி தம்பி” என்று கூசாது கேட்டான். இன்றோ, நூற்றுவரிற் சிலரே அந்நிலையில் உள்ளமையின், அச்சிலர் அதனை ஒளிக்கின்றனர். “கண்ணாடியை வீட்டிலே விட்டு வந்துவிட்டேன்” என்று கந்தோரிலே சொல்லும் முதியவரெல்லாம் கண்ணாடியை மறந்தவர் அல்லர்.

அவர் யாவர்? வயது முதிர்ந்தோர் மாத்திரமே எனக் கொள்வது பிழை. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர் நம் மண்ணிற் பாடசாலைக் கல்வியைப் பலகால் அறுத்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே தென்மராட்சிக்கும், பின்னர் பலர் வன்னிக்கும், பெயர்ந்தபொழுது முதலாம் இரண்டாம் வகுப்பிலிருந்த பிள்ளை இன்று நாற்பதை அண்மிய குடும்பத் தலைவன் அல்லது தலைவி. மரநிழலிலும் கொட்டிலிலும் விடாது கற்று முன்னேறினோர் பலர். தந்தையை இழந்தமையாலோ, தம்பி தங்கையரைக் காக்க நேர்ந்தமையாலோ அன்றே ஏட்டை மூடினோரும் உளர். மலையகத்தை நோக்கின், தோட்டப் பாடசாலைகள் 1970களிலேதான் அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. அதற்கு முன்னர், ஒரே அறையில் ஓராசிரியர் பல வகுப்புகளை வைத்து நடத்திய இடங்களிற் பயின்று, கொழுந்து பறிக்கும் வயது வந்ததும் விலகியோர் இன்றும் வாழ்கின்றனர். பெண்பிள்ளைக்கு எதற்கென்று வீட்டில் மறிக்கப்பட்டோர் உளர். சாதியின் பேரால் ஒரு காலத்திற் பாடசாலைப் படலை சாத்தப்பட்டோரின் மரபில் வந்தோரும் உளர். இதனைச் சொல்ல நாம் நாணலாம், ஆனால் மறைத்தல் தகாது. இவருள் எவரும் சோம்பலாற் கல்வியை இழந்தவர் அல்லர். நாம் பெற்ற வாய்ப்பு இவர்க்குக் கிட்டவில்லை, வேறுபாடு அவ்வளவே.

இனி, வேறு சிலர், “கைத்தொலைபேசியே பேசுகின்ற காலமாயிற்றே, குரலிற் செய்தி அனுப்பலாம், படம் பார்த்து ஆளை அழைக்கலாம், இனி எழுத்து எதற்கு?” என்பர். தொலைபேசி பேசும், மருந்துப் போத்தல் பேசாது. தேர்தற் சீட்டிலே சின்னம் உண்டு. காணி உறுதியிலே சின்னம் இல்லை. நீதிமன்றத்திலிருந்து வரும் அழைப்பாணையிலும், வைத்தியசாலையில் உறவினர் ஒப்பமிட வேண்டிய பத்திரத்திலும், கடன் கொடுப்போர் நீட்டும் படிவத்திலும் எழுத்தே உண்டு. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பெற்ற பெண்கள் பட்ட இன்னலை நாடறியும். 2018ஆம் ஆண்டில் வரட்சியுற்ற மாவட்டங்களிலே அக்கடனில் ஒரு பகுதியை அரசே ஏற்க நேர்ந்தது. அவ்வின்னலுக்குக் காரணம் பல. எழுத்தறியாமை ஒன்றே எனல் மிகையாகும். எனினும், தான் ஒப்பமிடுவது யாதென்று வாசிக்க இயலாதவர் எவரையும் நம்பியே ஒப்பமிட வேண்டியவர் என்பதும், நம்பத்தகாதார் அதனை அறிவர் என்பதும் ஐயமற்ற உண்மைகள்.

ஆகவே, முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் தொண்டுச் சபையொன்றைப் பழைய மாணவர் சங்கம் தன் யூபிலிப் பணிகளுள் ஒன்றாக மேற்கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு. இவ்வாறு கூறின் கைதட்டற்குக் குறைவிராது. தொண்டர் பட்டியலிலே பெயர் கொடுப்போர்க்கும் குறைவிராது. யாம் அஞ்சுவதும் அதற்கே. இத்துறையிலே தொண்டரைத் திரட்டுதல் எளிது, நிலைநிறுத்தல் அரிது. முதல் வாரம் இருபதின்மர் வருவர். மழை பெய்தால் பன்னிருவர் வருவர். கோயிற் கொடியேறினால் ஐவர் வருவர். பின்னர் வகுப்பு நடந்த கொட்டிலிலே பாய் மாத்திரம் சுருண்டு கிடக்கும்.

ஒரு நூலகத்துக்குப் புத்தகம் தருவதாகச் சொல்லித் தவறின் நூலகத்துக்குக் குறை ஒரு புத்தகமே. எழுத்தறிவிப்பதாகச் சொல்லித் தவறினால் விளையுந் தீங்கு அத்தன்மையதன்று. ஐம்பது வயதான ஒருவர் தம் நாணத்தையெல்லாம் அடக்கி, பிள்ளைகள் அறியாமல் ஒரு கொப்பி வாங்கி, ஓர் இளைஞன் முன் அமர்கின்றார். மூன்று வாரத்தின் பின் அவ்விளைஞன் வரவில்லை. அப்போது அவர் அவனைப் பழிப்பதில்லை, தம்மையே பழிக்கின்றார். “எனக்குப் படிப்பு வராது எண்டு அப்பவே சொன்னவை; அது சரிதான்” என்று முடிவுகட்டி விடுகின்றார். முன்னர் வாய்ப்பின்மையால் எழுத்தறியாதிருந்தவர் இப்போது தம் மூளையையே குறைகூறி அமைகின்றார். அவரை மீண்டும் ஒரு வகுப்புக்கு அழைத்தல் முன்னையினும் பன்மடங்கு கடினம். எனவே, ஓராண்டு தொடர்ந்து வர இயலாதவர் தொடங்காதிருத்தலே அறம் என்போம். இருநூறு பெயர் கொண்ட பட்டியலினும், இடையறாது வரும் இருபதின்மரே சபைக்கு வேண்டியவர்.

உலகில் இப்பணியைச் செய்து காட்டியோரின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. 1961ஆம் ஆண்டிலே கியூபா நாட்டிற் பள்ளி மாணவர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் எழுத்தறிவிக்க நாட்டுப்புறஞ் சென்றனர். அவர்கள் மாலையிற் போய் இரவிலே மீண்டவர் அல்லர். குடியானவர் குடிசையிலேயே ஊஞ்சற்படுக்கை கட்டித் தங்கினர். பகலில் வயலிலும் தோட்டத்திலும் அவரோடு உழைத்தனர். இரவில் விளக்கொளியிற் கற்பித்தனர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்துள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதவும் வாசிக்கவும் கற்றனர். அந்நாட்டின் அரசியலை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். கற்பிக்கச் சென்றவர் கற்பவரோடு இருந்தார் என்பதனை எவரும் மறுத்தல் இயலாது. முதலெழுத்தோடு அவர் நின்றுவிடவுமில்லை. எழுத்தறிந்த முதியோர் ஆறாம் வகுப்புத் தரத்தை எய்தும்வரை கற்பித்தல் பின்னரும் தொடர்ந்தது.

அயலிலே கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் 1989ஆம் ஆண்டு தொடங்கிய இயக்கத்திலே தொண்டர் பல்லாயிரவர் வீடு வீடாகச் சென்று கற்பித்தனர். 1990 பெப்ரவரியில் அம்மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு ஏப்பிரல் 18ஆந் திகதி கேரளம் முழுவதுமே அந்நிலை எய்தியதென்னும் அறிவிப்பைக் கோழிக்கோட்டிலே செய்தவர் அமைச்சர் அல்லர். அவ்வியக்கத்திற் புதிதாக எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா என்னும் பெண்மணி. தமிழ்நாட்டிற் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு எழுந்த அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தோடு துவிச்சக்கரவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் வண்டியேறினர். சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பிறர் துணையின்றிச் செல்லும் ஆற்றலும், பலகையை வாசித்து வழியறியும் ஆற்றலும் ஒருங்கே வந்தபொழுது, கற்றல் அவர்க்குத் தண்டனையாகத் தோன்றவில்லை. எழுத்து வாழ்வில் எங்கே உதவுகின்றதோ அங்கே அதனைக் கொண்டு நிறுத்தியமையே அவ்வியக்கத்தின் சிறப்பு.

இனி, கற்பிக்கும் முறை பற்றிச் சில கூறுவோம். ஆசிரிய கலாசாலையிற் பயின்றகாலைக் குழந்தை உளவியலையே யாம் பெரிதும் கற்றோம். அதனை அப்படியே முதியோரிடம் கொண்டுசெல்லல் பெருந்தவறு. குழந்தை மொழியையும் எழுத்தையும் உடன்கற்கின்றது. முதியவரோ மொழியை நிறைய அறிந்தவர். எழுத்தை மாத்திரமே அறியாதவர். நம் கோயில்களிலே ஆண்டுதோறும் கந்தபுராணப் படனம் நடைபெறுகின்றது. ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, தூணோரம் அமர்ந்து முப்பது ஆண்டு கேட்ட முதியவர் சூரபன்மன் வரலாற்றை நம் மாணவரினும் தெளிவாகச் சொல்வார். அவரைக் கல்லாதவர் என்றல் பொருந்துமா? அவர்முன் அணில், ஆடு, இலை என்று படங்காட்டிக் கைகொட்டிப் பாடுவது அவரை இழிவுசெய்வதாகும்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று சொல்லி முதல்நாளே அச்சுறுத்தலும் வேண்டா. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றோடு உயிர்மெய்க் குறிகள் சிலவற்றை அறியின் பெரும்பான்மை எழுத்துகள் தாமே அமையும். உகர ஊகார வரிசைகளே வடிவம் மாறி இடர் தருவன; அவற்றைப் பின்னர் மெல்ல அறிமுகஞ் செய்யலாம். தண்டு வலித்தும் மண்வெட்டி பிடித்தும் காய்த்த கைக்கு அகரத்தின் சுழிப்பினும் ட, ப, ம என்னும் நேர்கோட்டு எழுத்துகள் இசைவானவை. நெடுங்கணக்கு முறையை மாற்றலாமா என்று தமிழறிஞர் எம்மைக் கடிய வேண்டா. நெடுங்கணக்கு நூலின் முறை, கற்பித்தலின் முறை கற்பவரின் கை.

ஆயினும் முதற்பாடம் ட அன்று, ப அன்று; கற்பவரின் பெயரே முதற்பாடம். பெருவிரல் அடையாளமிட்டு வந்தவர் தம் பெயரைத் தாமே எழுதுங்கால் உண்டாகும் மகிழ்ச்சியே அடுத்த நாள் அவரை அழைத்துவரும். பெயருக்குப் பின்னர் அவர் தொழிலின் சொற்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரெயிரே 1963ஆம் ஆண்டிலே அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு நாற்பது மணிநேரப் பாடத்தால் எழுத்தறிவிக்க முனைந்தபோது, அவர்தம் வாழ்விலிருந்தே சொற்களைத் தேர்ந்து, அச்சொற்கள் குறிக்கும் வாழ்வைப் பற்றி உரையாடி, அதன்பின்னரே அவற்றை அசை அசையாகப் பிரித்துக் காட்டினார். நம் கரையோரத்தில் வலை, கடல், தோணி என்பனவும், வயற்புறத்தில் நெல், வரம்பு, வாய்க்கால் என்பனவும், எங்கும் மருந்து, கடன், உறுதி என்பனவும் அத்தகைய சொற்கள். கடன் என்னும் சொல்லை எழுதும் நாளிலே கடன் படிவம் ஒன்றை விரித்து வாசித்தல் எத்துணைப் பயன்தரும்!

பேச்சுத் தமிழ் பற்றியும் ஒரு சொல். “நாளைக்கு வாறன்” என்று தாம் சொல்வதை அப்படியே எழுதிப் பார்க்கக் கற்பவர் விரும்புவர். தமிழாசிரியராகிய எமக்கு அது செவிக்கு இன்னாததே. எனினும், தம் வாய்மொழி தாளில் நிற்பதைக் கண்டு மகிழும் ஒருவரைத் திருத்துதற்கு அது நேரமன்று. எழுத்து வசப்பட்டபின், “வருகிறேன்” என்பதனை அவர் செய்தித்தாளிலிருந்து தாமே கற்றுக்கொள்வர்.

வகுப்பை எங்கே வைப்பது? சனசமூக நிலையத்து வாசிகசாலை என்று பலர் விடை கூறுவர். வாசிக்க இயலாதவர் வாழ்நாள் முழுவதும் நுழையாது ஒதுங்கிய இடம் அதுவே என்பதனை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. நாற்சந்தியிலே உள்ள அவ்விடத்தில் அமர்ந்து அகரம் பயிலும்படி ஒரு தந்தையை வேண்டுவது கொடுமை. அவர் வீட்டுத் திண்ணை, கரையோர வாடி, தையற் பெண்கள் கூடும் அறை ஆகியனவே தக்க இடங்கள். தொழிலைப் பார்த்தே நேரத்தை வகுத்தல் வேண்டும். கடலுக்குப் போவோர்க்கு மாலை வகுப்பும், அறுவடைக் காலத்தில் வயலாருக்கு எந்த வகுப்பும் பொருந்தா. கற்பவரை ஐயா என்றோ, அம்மா என்றோ, அண்ணை, அக்கா என்றோ அழைத்தல் வேண்டும். வரவு இடாப்பைக் கூப்பிட்டுப் பெயர் சொல்லல் ஆகாது. நாற்பதைக் கடந்தோர்க்கு முதலில் வேண்டியது அரிவரியன்று, மூக்குக் கண்ணாடி. எர்ணாகுளத்திலும் இதனை உணர்ந்தே பொதுமக்களிடம் கண்ணாடிகளைத் திரட்டி வழங்கினர். நம் பழைய மாணவருள் கண் வைத்தியர் உளர்; அவர் தரும் ஒரு பகற்பொழுது பலருக்குப் பாடத்தைத் திறந்துவிடும்.

“பயிற்சி பெறாதவர் கற்பிக்கலாமோ?” என்பார்க்கு, பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர் என்னும் முறையிலேயே யாம் விடை கூறுகின்றோம்: கற்பிக்கலாம். ஒருவர் ஒருவருக்கே கற்பிக்கும்போது வகுப்பை அடக்கும் வித்தை வேண்டியதில்லை. பொறுமையும் நாள்தவறாமையும் வேண்டும். தொடக்கத்திலே இரண்டு சனிக்கிழமைகளில் தமிழாசிரியர் இருவர் தொண்டர்க்கு வழிகாட்டுவாராயின் போதும். பின்னர் மாதம் ஒருமுறை கூடி இடர்களை ஆராயலாம். வலயக் கல்வி அலுவலகத்து முறைசாராக் கல்விப் பகுதியினரோடு கலந்துகொள்ளின் நூலுதவியும் அறிவுரையும் கிடைக்கும்.

பண்டு நம் இல்லங்களில், உலையிலே அரிசியிடுமுன் ஒரு பிடியை வேறு கலத்திலிட்டுப் பொதுப்பணிக்கு ஈயும் வழக்கம் இருந்தது. பிடியரிசி கொடுத்த வீட்டிலே எவரும் பசித்திருந்ததில்லை. அப்பிடியரிசியால் நிறைவேறிய பொதுப்பணிகள் பல. அவ்வாறே பழைய மாணவரிடம் யாம் பிடிநேரம் வேண்டுகின்றோம்: கிழமைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு மணிநேரம், ஓராண்டுக்கு, ஒரே ஒருவருக்கு. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழகப் புகுமுகத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் மாணவருக்கு இது மிகப் பொருந்தும். ஓய்வுபெற்றோர்க்கு அதனினும் பொருந்தும். வெளியூர் செல்ல நேரின், தமக்குப் பதிலாள் ஒருவரைக் கற்பவர்க்கு நேரில் அறிமுகஞ் செய்துவைத்த பின்னரே தொண்டர் விலகல் வேண்டும் என்பது சபையின் முதல் விதியாகுக. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் திண்ணையில் வந்து அமர்தல் இயலாது. அவர் பெரிய எழுத்தில் எளிய நூல்களை அச்சிட உதவலாம். எழுத்தறிந்த முதியவர் வாசித்தற்கு யாதுமின்றி விடப்படின், கற்றது சில ஆண்டில் மறைந்துவிடும். குழந்தைக் கதைகளை அவர் வாசியார். மருந்து, பயிர், சட்டம், ஊர் வரலாறு ஆகியவற்றைத் தெளிவுறச் சொல்லும் சிறு நூல்களே அவர்க்கு வேண்டும்.

இறுதியாக ஒன்று. இப்பணியைப் படம்பிடித்தல் ஆகாது. கொப்பி வழங்கும் விழாவும், மாலையும், மறுநாட் பத்திரிகையிலே நிழற்படமும் தொண்டர்க்கு இனியவை. கற்பவர்க்கு அவை அவமானம். தாம் எழுத்தறியாதிருந்த செய்தியை ஊரறியச் செய்வதற்கு எவரும் இசைந்து வரார். ஆகவே, சபையின் ஆண்டறிக்கையில் எத்துணைப் பேர் தொடர்ந்து கற்றனர், எத்துணைத் தொண்டர் இடையில் நின்றனர் என்னும் இரண்டு எண்களே இருத்தல் போதும். இரண்டாவது எண்ணையும் மறையாது எழுதும் நேர்மை சபைக்கு வேண்டும்.

அடுத்த யூபிலி மலர் வெளிவருங்கால் நம்மிற் சிலர் இரோம். அம்மலரில் நம் பெயர் இடம்பெறாதொழியினும் ஒழிக. அதனை விலை கொடுத்து வாங்கி, தம் பேரப்பிள்ளையின் படத்தின்கீழ் உள்ள பெயரைத் தாமே எழுத்துக்கூட்டி வாசிக்கும் முதியோர் பத்துப்பேர் இவ்வூரில் இருப்பாராயின் இக்கல்லூரி தன் கடனிற் சிறிது தீர்த்ததாகும். விழாவின் ஆரவாரம் அடங்கிய பின்னர், ஓராண்டு தொடர்ந்து வர இயலும் என்று தம் உள்ளத்தைத் தாமே வினவித் தெளிந்தோர், சங்கச் செயலாளரிடம் தம் பெயரைப் பதிவு செய்வாராக.